கறுப்புக் கல்லில் வெள்ளை

ஜூன் 11

காலை எடுத்துவிட வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இருபத்தேழாம் தேதி.

எடுத்துவிட. கொடியில் காயும் துணியை எடுப்பதுபோல எவ்வளவு லேசாக வருகிறது அந்த வார்த்தை.

அண்ணன் அருளரசன் டைல்ஸ் ஒட்டுபவன். போன வருஷம் வேப்பூர் ரோட்டில் லாரி தட்டி, வலது முழங்காலுக்குக் கீழே எலும்பு பொடியாகிவிட்டது. கெட்டுப்போன துண்டுகளை எடுத்தெடுத்து இப்போது நடுவில் ஒரு விரல் நீளத்துக்கு எலும்பே கிடையாது. வெளியே வளையம் வளையமாகக் கம்பி. உள்ளே சீழ். எந்த மருந்து ஏற்றினாலும் சீழ் நிற்கவில்லை.

"இப்பவே எடுத்துட்டா முட்டிக்குக் கீழ எடுத்துடலாம். முட்டி மிஞ்சும்" என்றார் டாக்டர். "சீழ் மேல ஏறிடுச்சின்னா முட்டியும் போயிடும். தொடையிலதான் எடுக்கணும்."

அண்ணன் ஒரே ஒரு கேள்வி கேட்டான். "முட்டி இருந்தா, முட்டி போட்டு உக்கார முடியுமா சார்?"

"செயற்கைக் கால மாட்டிக்கிட்டா? பழகிட்டா முடியும். எதுக்குக் கேக்குற?"

"டைல்ஸ் வேல சார். முட்டியிலதான் பொழப்பு."

தேன்மொழி அண்ணி வெளியே போய் அழுதாள். நான் அழவில்லை. எனக்குக் கோபம்தான் வந்தது. கால் எதற்குப் போக வேண்டும்? என்னிடம் கல் இருக்கிறது.

ஜூன் 12

கல்லைப் பற்றி எழுதிவைக்கிறேன். எழுதினால்தான் எனக்கே நம்பும்படி இருக்கும்.

மகாராஷ்டிராவிலிருந்து எங்கள் ஆராய்ச்சிக் கூடத்துக்குச் சாக்குகளில் வருகிறது. எந்தக் காலத்திலோ எரிமலைக் குழம்பாக ஓடி உறைந்த கறுப்புக் கல். மீனலோசனி மேடம் அதைப் பொடியாக்கி, சுண்ணாம்பும் பாஸ்பேட்டும் கலந்து, மறுபடி உருக்கச் சொல்வார். "பூமி ஒரு தடவ உருக்குனத நாம இன்னொரு தடவ உருக்குறோம், அவ்ளோதான்" என்பார். பர்னஸ் என்கிற உருக்கு உலையை ஓட்டுவது என் வேலை. பழுத்த குழம்பைத் தண்ணீரில் ஊற்றினால் சடசடவென்று வெடித்துக் கறுப்புக் கண்ணாடிக் குருணை ஆகும். அதை மறுபடி அரைத்து, அச்சில் அழுத்தி, மெதுவாகச் சுட்டால் பாதி கண்ணாடி, பாதி பீங்கான். அதை எலும்பு இல்லாத இடத்தில் வைத்தால், உடம்பு அதைத் தன் எலும்பு என்று நினைத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். அதுதான் மேடத்தின் ஆராய்ச்சி.

பிடித்துக்கொள்ளுமா என்று எப்படித் தெரியும்? நம் ரத்தத்தில் இருக்கிற உப்புகளை அதே அளவில் கலந்து ஒரு தண்ணீர் செய்வோம். அதில் கல்லைப் போட்டு, உடம்புச் சூட்டில் ஊறவைப்போம். நல்ல கல்லாக இருந்தால் மேலே வெள்ளையாக ஒரு தோல் படியும். எலும்பில் இருக்கும் அதே சத்து. நாங்கள் அதைப் 'பூக்குது' என்போம்.

இதுவரை ஒன்றும் பூக்கவில்லை. போட்ட கல் போட்ட மாதிரியே கறுப்பாக வெளியே வந்தது.

இங்கே நான் தற்காலிக வேலைதான். விருத்தாசலத்தில் பீங்கான் டிப்ளமோ இரண்டாம் வருஷத்தோடு நின்றவள், பொம்மைக் கம்பெனியில் சூளை பார்த்தவள். படிப்பு பிடிக்காமல்தான் அதை விட்டேன். அண்ணனுக்கு அடிபட்ட மாதமும் அதுவும் ஒன்றாக அமைந்துவிட்டது, அவ்வளவுதான். அம்மா அப்பா இல்லாத வீட்டில் ஆஸ்பத்திரிக்கு யாராவது ஓட வேண்டாமா?

ஜூன் 13

மேடத்திடம் கேட்டுவிட்டேன். சுற்றி வளைத்துக் கேட்கிற பழக்கம் எனக்கு இல்லை.

"மேடம், இத எங்க அண்ணன் கால்ல வெக்க முடியுமா?"

மேடம் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். "பூவிழி, முயலுக்கு வெக்கறதுக்கே இன்னும் அனுமதி வரல. மனுஷங்கன்னா அதுக்கப்புறம் வருஷக் கணக்காவும்."

"அவசரம்னா?"

"நம்ம அவசரத்த எலும்பு கேக்காதும்மா."

அனுமதி சீக்கிரம் வந்துவிடும் என்றுதான் அதற்கு அர்த்தம். வராது என்று அவர் சொல்லவில்லை.

ஜூன் 14

புதுக் கலவை. சுண்ணாம்பு கொஞ்சம் தூக்கல். நேற்று உருக்கியது இன்று அச்சிலிருந்து நன்றாக வந்திருக்கிறது. உடனே ஊறப்போட வேண்டும்.

ஆனால் பிளாஸ்டிக் பாட்டில் தீர்ந்துபோய்விட்டது. புதிது வர இன்னும் நாளாகுமாம். மேடம் பெங்களூரில் கூட்டம், பயிற்சி என்று போயிருக்கிறார், ஜூலை பாதிக்கு மேல்தான் திரும்புவாராம். ஆராய்ச்சி மாணவர் இர்ஃபான் அண்ணா, தங்கை கல்யாணம் என்று ஒரு மாத லீவில் பரங்கிப்பேட்டைக்குப் போய்விட்டார். போன் போட்டால் பின்னால் ஒரே மேளம். "பூவு, பிரியாணி வேணும்னா கேளு, பாட்டில மட்டும் கேக்காத" என்று வைத்துவிட்டார்.

அலமாரியில் நல்ல கண்ணாடிப் பாட்டில்கள் இருக்கின்றன. அலமாரிக் கதவில் 'ஊறப்போட கண்ணாடி கூடாது' என்று இர்ஃபான் அண்ணா எழுதி ஒட்டியிருக்கிறார். உடைத்துவிடுவேன் என்று பயம் அவருக்கு. கண்ணாடியைப் போல் சுத்தமானது எது? எதோடும் ஒட்டாது, எதையும் இழுக்காது. டிப்ளமோவில் முதல் பாடம் அது. படிப்பைப் பாதியில் விட்டவளுக்கு முதல் பாடம் மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கும்.

கொதிநீரில் கழுவித் துடைத்து, உப்புத் தண்ணீரை ஊற்றி, கல்லைப் போட்டு மூடிவிட்டேன். உடையவில்லை.

ஜூன் 15

ஞாயிறு. அண்ணனுக்குக் கட்டு மாற்றினேன். வாடை சரியில்லை. அவன் கூரையைப் பார்த்துக்கொண்டு விசிலடித்தான்.

"உன் கல்லு எப்படிக் கெடக்குது?"

"ஊறுது."

"ஊறட்டும், ஊறட்டும். சாயங்காலம் மாவாட்டி இட்லி ஊத்திடலாம்."

"கிண்டல் பண்ணாதண்ணா."

தன் பழைய கருவிப் பையைத் துழாவி, மெரூன் கலர் டைல்ஸ் துண்டு ஒன்றை எடுத்து என் கையில் வைத்தான். பெருவிரல் அளவு. எங்கேயோ ஒரு வீட்டு மூலையில் வெட்டிப்போட்ட மிச்சம். "இதையும் உன் தண்ணில போடு. எங்க கம்பெனி மால் பூக்குதா, உங்க கம்பெனி மால் பூக்குதானு பாத்துடுவம்."

"இது செத்த களிமண்ணு. பூக்காது."

"பந்தயமா?"

அண்ணி சிரித்தாள். அவள் சிரித்து எத்தனை நாளாயிற்று! அதற்காகவே துண்டை எடுத்துக்கொண்டு போய், கல் ஊறுகிற அதே பாட்டிலில் போட்டேன்.

ஜூன் 20

பூத்துவிட்டது.

கறுப்புக் கல்மேல் வெள்ளை. அரிசி மாவு தூவியதுபோல. விளக்கில் காட்டினேன், ஜன்னலில் காட்டினேன், வெளியே கொண்டுபோய் வெயிலில் காட்டினேன். எங்கே காட்டினாலும் வெள்ளை. இவ்வளவு சீக்கிரம் வரும் என்று மேடம்கூட நினைத்திருக்க மாட்டார். படம் எடுத்து அவருக்கு அனுப்பினேன். "அப்படியே வை. தொடாதே. இர்ஃபான் வந்து பார்க்கட்டும்" என்று பதில் போட்டார். கடைசியில் ஒரு கைகூப்பு பொம்மை. மேடம் பொம்மை அனுப்புகிற ஆளே இல்லை.

வீடுவரை ஓடினேன் என்றே சொல்ல வேண்டும்.

"ண்ணா, பூத்துடுச்சி! கால எடுக்கறத தள்ளி வெய். கொஞ்ச நாளு. கல்லு ரெடியாயிடும், டாக்டர்கிட்ட நானே பேசறன். எலும்பு இல்லாத எடத்துல கல்ல வெச்சா அது எலும்பாவே ஆயிடும். உன் கால் உன்கிட்டயே இருக்கும்!"

என்னென்னவோ பேசினேன். காலைப் பிடித்துக்கொண்டேன். நல்ல காலைத்தான். அண்ணன் என்னைப் பார்த்தான், பிறகு அண்ணியைப் பார்த்தான். அவள் தலையை ஆட்டினாள், இல்லை என்கிற மாதிரி. அவளுக்கு எப்போதும் நம்பிக்கை குறைவு.

"சரி புள்ள" என்றான் கடைசியில். "தள்ளி வெச்சிக்குவம்."

அவனுக்கு நம்பிக்கை வந்துவிட்டது. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. கண்ணெல்லாம் கலங்கியிருந்தது.

ஜூன் 23

டாக்டருக்குக் கோபம். கல்லின் படத்தை போனில் காட்டினேன். சரியாகக்கூடப் பார்க்கவில்லை.

"இதெல்லாம் உள்ள வெக்கற பொருளாம்மா? சீழ் இருக்கற எடத்துல தங்கத்த வெச்சாலும் நிக்காது. மொதல்ல சீழ் நிக்கட்டும், அப்புறம் பேசு."

அப்புறம் பேசு என்றார். அதாவது பேசலாம்.

அண்ணன்தான் நடுவில் புகுந்தான். "சார், ஜூலை கடைசில ஒரு தேதி குடுங்க. அதுக்கு மேல கேக்க மாட்டன்."

"முட்டி போச்சின்னா எங்கிட்ட வந்து அழக் கூடாது."

"அழ மாட்டன் சார்."

ஜூன் 27

இன்று அண்ணனுக்கு இரண்டு கால்.

ஜூலை 1

எக்ஸ்ரே படத்தை ஜன்னலில் ஒட்டி, இடைவெளியை அப்படியே தாளில் வரைந்தேன். அந்த அளவுக்குப் பிளாஸ்டர் அச்சு செய்தேன். முதல் துண்டு ஆறும்போது பிளந்துவிட்டது. பர்னஸை அவசரமாகத் திறந்துவிட்டேன். அவசரப்பட்டால் கண்ணாடி பழிவாங்கும் என்று பொம்மைக் கம்பெனியில் தினமும் திட்டு வாங்கியிருக்கிறேன். இருந்தும் திறந்துவிட்டேன்.

இரண்டாவதை விடியும்வரை தானாக ஆற விட்டேன். நன்றாக வந்தது. கையில் வைத்துப் பார்த்தால் நிஜமாகவே ஒரு எலும்புத் துண்டு. கறுத்த எலும்பு. தாவணி நுனியில் துடைத்து என் டப்பாவில் வைத்திருக்கிறேன். மேடத்திடம் இன்னும் சொல்லவில்லை. தேவைப்படும்போது சொல்லிக்கொள்ளலாம்.

ஜூலை 3

டைல்ஸ் துண்டின்மேல் ஏதோ சுண்ணாம்புத் தூசி. கழுவிப் போட்டேன்.

ஜூலை 5

வீட்டில் யாரோ ஒருவர் வந்திருந்தார். நடுவயது, கையில் கொத்தனார் கரண்டிப் பை. நாற்காலியில் உட்கார்ந்து வேட்டியை வழித்து அண்ணனுக்கு எதையோ காட்டிக்கொண்டிருந்தார். நான் உள்ளே நுழைந்ததும் வேட்டியை இறக்கிவிட்டார். எழுந்து போகும்போது ஒரு காலை லேசாக வீசி வைத்து நடந்தார்.

"யாருண்ணா?"

"கூட வேல செஞ்சவரு. சும்மா பாக்க வந்தாரு."

காபி குடிக்காமலே போய்விட்டார். என்ன பழக்கமோ.

ஜூலை 8

அண்ணனுக்குப் புத்தி கெட்டுவிட்டது.

சந்தில் திரும்பும்போதே உள்ளே அண்ணியின் குரல் கேட்டது. "அவ வந்துட்டா, எறங்கு, எறங்கு!" போய்ப் பார்த்தால், கட்டிலில் தலையணையை மடித்துப் போட்டு, அதன்மேல் வலது முட்டியை ஊன்றி நிற்கிறான். கம்பி வளையம் பின்னால் அந்தரத்தில் தொங்குகிறது. வேர்த்துக் கொட்டுகிறது. அண்ணி தோளைப் பிடித்திருக்கிறாள்.

"என்னா பண்ற?" என்று கத்தினேன்.

"முட்டிக்கு வெயிட்டு தாங்குதானு பாத்தன்."

"எதுக்கு? காலே முழுசா இருக்கப்போவுதே, முட்டிக்கு என்னா?"

அவன் முட்டியை எடுத்துவிட்டு உட்கார்ந்தான். அண்ணி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவன் அவள் கையை அழுத்தினான். இந்த இரண்டு பேரும் எதையும் என்னிடம் சொல்வதில்லை. சோறு இறங்கவில்லை எனக்கு.

ஜூலை 11

காய்ச்சல். முட்டிக்குக் கீழே சிவப்பு கட்டியிருக்கிறது. நேற்று அங்கே இல்லை.

ஜூலை 12

காய்ச்சல் விடவில்லை. கட்டு மாற்றும்போது அண்ணி இதுவரை பேசாததை எல்லாம் பேசிவிட்டாள்.

"உன் கல்லு அங்க வளருது, இவரு சீழு இங்க வளருது. ரெண்டுத்துல எது மொதல்ல முட்டிய தொடும்னு பாத்துட்டு இருக்கியா?"

"அண்ணி, கல்லு பூத்துடுச்சி. நான் கண்ணால பாத்தன்."

"எனக்கு உன் பூவு வேணாம். அவரு முட்டி வேணும்."

"தேனு" என்றான் அண்ணன், படுத்தபடியே. "உடு."

"உட மாட்டன். எவ்ளோ உடறது?"

வெளியே வந்து தெருக்குழாய் அருகில் நின்றேன். கையில் டப்பா. உள்ளே கறுத்த எலும்பு. அதைக் கையிலேயே வைத்திருக்கிறேன் என்பது அப்போதுதான் தெரிந்தது. சோப்புப் பெட்டியை எடுத்துக்கொண்டு சந்தைக்குப் போகிற பைத்தியம் மாதிரி.

ஜூலை 14

இர்ஃபான் அண்ணா திரும்பி வந்தார். கல்யாண இனிப்பு, புதுச் சட்டை, கையில் மங்கிய மருதாணிக் கறை.

"எங்க பூவு, பூவ காட்டு!"

பாட்டிலைத் தூக்கிக் காட்டினேன். விளக்குக்கு நேரே பிடித்து, "ஆத்தாடி" என்றார். சிரித்தார். பிறகு சிரிப்பு அப்படியே நின்றது. பாட்டிலை விரல் நகத்தால் தட்டினார். டிங் என்றது.

"இது கண்ணாடி."

"பிளாஸ்டிக் தீந்துபோச்சி. நல்லாக் கழுவித்தான் போட்டன்."

"உள்ள இன்னொண்ணு என்னா கெடக்குது?"

"சும்மா. எங்க அண்ணன் விளையாட்டுக்குக் குடுத்த டைல்ஸ் துண்டு."

இடுக்கியால் அதை வெளியே எடுத்து வெள்ளைத் தாளில் வைத்தார். தாளில் வைத்ததும் எனக்கே தெரிந்தது. மெரூன் நிறமே இல்லை. வெள்ளை. கல்லைவிட வெள்ளை.

"தூசி அது. கழுவினன். மறுபடி வந்துடுச்சி" என்றேன்.

அவர் நகத்தால் சுரண்டினார். செதிலாக வந்தது. ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார். இனிப்புப் பெட்டியை ஓரமாகத் தள்ளினார்.

"பூவு, இந்தத் தண்ணில இருக்கற உப்பு எப்படா படியலாம்னு காத்துட்டு கெடக்கும். கண்ணாடிச் சுவர் பக்கத்துல இருந்தா அதுவே ஆரம்பிச்சி உட்டுடும். ஒரு எடத்துல ஆரம்பிச்சா உள்ள இருக்கற எல்லாத்து மேலயும் படியும். கல்லு பூக்கல. பாட்டில் பூத்திருக்கு. இதுல ஸ்பூன போட்டாலும் பூக்கும்."

பாட்டிலின் உள்பக்கத்தை விரலால் வழித்துக் காட்டினார். விரல் நுனியில் வெள்ளை.

கண்ணாடி எதையும் இழுக்காது. முதல் பாடம்.

"அப்ப கல்லு?" என்றேன்.

"தெரியல. நல்ல கல்லாக்கூட இருக்கலாம். இத வெச்சி ஒண்ணும் சொல்ல முடியாது." பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அண்ணன்கிட்ட ஏதும் சொல்லிட்டியா?" என்றார்.

பர்னஸ் பக்கம் போய் நின்றேன். அது அணைந்திருந்தது. இருந்தாலும் அங்கேயே நின்றேன்.

ஜூலை 14, மறுபடி

வீட்டுக்கு வந்தேன். சொல்லவில்லை. வாயைத் திறந்தேன், "சாப்டியாண்ணா?" என்றுதான் வந்தது.

ஜூலை 15

விடிந்ததும் சொல்லிவிட்டேன். பல் விளக்காமல், கட்டிலின் காலடியில் உட்கார்ந்து. டைல்ஸ் துண்டை அவன் கையில் வைத்தேன்.

"பந்தயத்துல நீதான் ஜெயிச்ச. இதுவும் பூத்துடுச்சி."

அவன் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். காய்ச்சலில் உதடு வெடித்திருந்தது. புரிந்துகொள்ள அவனுக்கு அதிக நேரம் ஆகவில்லை. இர்ஃபான் அண்ணா சொன்னதையெல்லாம் சொன்னேன். வெள்ளை பொய். கல்லால் ஆகாது. நான் தள்ளிவைக்கச் சொன்னது எல்லாம் ஒரு பாட்டிலை நம்பி.

அடிப்பான் என்று நினைத்தேன். அடித்தால் தேவலை என்றும் நினைத்தேன்.

"சரி" என்றான். "தேனு, டாக்டருக்கு போன் போடு. இன்னிக்கே வரம்னு சொல்லு."

அண்ணி பையை எடுத்து வந்தாள். துண்டு, தட்டு, டம்ளர், அண்ணனின் கைலி. எல்லாம் முன்பே மடித்து வைத்த பை. எத்தனை நாளாகக் கட்டிலுக்கு அடியில் இருந்ததோ.

"நீ முன்னாடியே ரெடியா?" என்றேன் அண்ணனிடம்.

"மொத நாளே ரெடி" என்றான். " அன்னிக்கு வந்தாரே, அவருக்கு ரெண்டு வருஷமா கட்டக்கால்தான். முட்டி போட்டு டைல்ஸ் ஒட்டறாரு. என்னவிட வேகமா ஒட்டறாராம். அத நேர்ல பாக்கத்தான் வரச் சொன்னன்."

"அப்ப எதுக்கு தள்ளி வெச்ச?" கத்திவிட்டேன். "எதுக்குண்ணா சரின்னு சொன்ன?"

அவன் டைல்ஸ் துண்டைத் தலையணை ஓரம் வைத்தான்.

"என் காலுக்காகத்தான படிப்ப உட்ட?"

"இல்ல. எனக்குப் புடிக்கல."

"சரி, புடிக்கல. அன்னைல இருந்து நீ ஒண்ணத்துலயும் ஒட்டல புள்ள. பொம்மைக் கம்பெனியிலயும் ஒட்டல, சோத்துலயும் ஒட்டல. இந்தக் கல்லுலதான் ஒட்டுன. பூத்துடுச்சின்னு ஓடியாந்தியே, அந்த மூஞ்சிய பாத்துட்டு எப்படிடி வேணாம்னு சொல்றது?"

அண்ணி பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். "ஆட்டோ வந்துடுச்சி" என்றாள். என் பக்கம் திரும்பவில்லை.

ஜூலை 16

டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். காலை அமுக்கி அமுக்கிப் பார்த்தார். பேனாவால் முட்டிக்குக் கீழே ஒரு கோடு, தொடையில் ஒரு கோடு போட்டார்.

"ரெண்டு கோடு எதுக்கு சார்?" என்று அண்ணன் கேட்டான்.

"கீழ திறந்து பாப்பேன். எலும்பு நல்லா இருந்தா கீழக் கோடு. இல்லேன்னா மேல. உள்ள போனாத்தான் தெரியும்."

"கீழதான் சார்."

"நான் சொல்லி ஆவறது இல்லப்பா அது."

ஜூலை 17

உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். போகும்போது டைல்ஸ் துண்டைக் கேட்டான். நர்ஸ் விடவில்லை. என்னிடம் இருக்கிறது.

அண்ணி வராண்டாவில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். நான் இந்தப் பக்கம். நடுவில் யார் யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு குழந்தை பலூனைத் தேய்த்துச் சத்தம் போட்டுக்கொண்டே இருக்கிறது. யாரும் அதைத் திட்டவில்லை.

கறுத்த எலும்பு பையில் இருக்கிறது. எறியத் தோன்றுகிறது. எறிய இடமில்லை. ஆஸ்பத்திரிக் குப்பைத்தொட்டிகளில் எல்லாம் மேலே என்ன போட வேண்டும் என்று எழுதியிருக்கிறது. இதற்கு எதுவும் பொருந்தவில்லை.

அவன் இப்போது எழுந்து வந்து ஒரு இட்லி கிண்டல் சொன்னால் போதும். வேறு எதுவும் வேண்டாம்.

கதவு திறக்கிறது. வேறு யாருக்கோ.

பிறகு

முட்டி இருக்கிறது.

ஜூலை 18

நேற்று அதற்கு மேல் எழுத முடியவில்லை.

டாக்டர் வெளியே வந்து கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் விரித்து அளவு காட்டினார். "முட்டிக்குக் கீழ இவ்ளோ கெடச்சிது. கால் மாட்ட இது போதும். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா இதுவும் இல்ல." கடைசி வாக்கியத்தை என்னைப் பார்த்துச் சொன்னார். எனக்குத்தான் சொன்னார்.

அண்ணி எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். தன் டம்ளரில் இருந்த டீயில் பாதியை மூடியில் ஊற்றி என்னிடம் நீட்டினாள்.

ஜூலை 24

மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். பாட்டில், டைல்ஸ், டப்பாவில் ஒளித்துவைத்த எலும்பு. அவர் என் படத்தைப் பெங்களூர் கூட்டத்தில் பெரிய திரையில் காட்டியிருக்கிறார். கைதட்டினார்களாம்.

"நாளைக்கே எல்லாருக்கும் எழுதுறேன், அது தப்புன்னு" என்றார்.

"நான் வேலைய உட்டுடறன் மேடம்."

"படிப்ப விட்ட, இதையும் விடு. அப்புறம் என்ன விடுவ?" என்று சீறினார். பிறகு கறுத்த எலும்பை உள்ளங்கையில் வைத்து எடை பார்ப்பதுபோல் பார்த்தார். "ஆறவெச்சது நல்லா இருக்கு. ஒரு கீறல் இல்ல." அதைத் தன் மேசை டிராயரில் வைத்துப் பூட்டினார். எனக்குத் திருப்பித் தரவில்லை.

இர்ஃபான் அண்ணா அலமாரிக் கதவில் இருந்த தாளைக் கிழித்துவிட்டுப் புதுசு ஒட்டியிருக்கிறார். முன்பைவிடப் பெரிய எழுத்து. கீழே ஒரு கண்ணாடிப் பாட்டிலின் படம், அதற்குக் கொம்பு வைத்து.

ஆகஸ்ட் 9

பிளாஸ்டிக் பாட்டில் வந்துவிட்டது. அதே கலவை, அதே கல். கூடவே ஒரு டைல்ஸ் துண்டு. அண்ணன் பையிலிருந்து புதிதாக எடுத்தது. அது இல்லாமல் இனி எந்தப் பாட்டிலையும் மூடப்போவதில்லை என்றேன். மேடம் சரி என்றார்.

ஆகஸ்ட் 30

பாட்டிலைத் திறந்தோம். கல் கறுப்பாகவே இருக்கிறது. வெயிலில் காட்டினேன், அப்போதும் கறுப்பு. டைல்ஸ் நேற்று வெட்டியதுபோல மெரூனாக இருக்கிறது.

இர்ஃபான் அண்ணா முதுகில் தட்டினார். சுண்ணாம்பை இன்னும் கூட்டிப் பார்க்கலாம் என்று மேடம் சொல்லிக்கொண்டிருந்தபோதே சாக்கைப் பிரிக்கப் போய்விட்டேன்.

வீட்டுக்குப் போனால், கட்டிலில் தலையணையை மடித்துப் போட்டு அதன்மேல் முட்டி போட்டு நிற்கிறான் அண்ணன். பின்னால் கம்பி இல்லை, கால் இல்லை, வெள்ளைக் கட்டு மட்டும். பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறான். சுவரில் ஒரு கையை ஊன்றி, மறுகையால் காற்றில் டைல்ஸ் பதிக்கிறான். அண்ணி வாசலில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறாள், இந்தத் தடவை அவன் தோளைப் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை.

"பூத்துச்சா?" என்றான் திரும்பாமலே.

"இல்ல."

"என் டைல்ஸு?"

"அதுவும் இல்ல."

"அப்ப இந்தத் தடவ சரியா பண்ணியிருக்க."

இறங்கு என்று நான் சொல்லவில்லை. கீழே விழுந்துகிடந்த இன்னொரு தலையணையை எடுத்து, அவன் முட்டிக்குப் பக்கத்தில் வைத்தேன்.